"இவங்களே இப்படித்தான்" என்று முடிவு கட்டும் முன்: பல ஊர் ஆட்கள் உள்ள தையல் தளத்தில் சூப்பர்வைசருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனித் தையல் தளத்தில்தான் என் பிழைப்பு. புதிதாக வரும் சூப்பர்வைசர்களுக்கு மிஷின் பெயர், பண்டல் கணக்கு, மணிக்கு எத்தனை பீஸ் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடுகிறது. பிடிபடாதது ஒன்றுதான். ஓர் ஆள் லேட்டாக வந்தாலோ, பீஸ் கெட்டாலோ, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டாலோ அதற்கு என்ன காரணம் என்று கண்டுபிடிக்கத் தெரிவதில்லை. ஒரே லைனில் பீகார் டைலர், ஒடிசாப் பெண்கள், அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா, மதுரைப் பக்கத்துப் பையன் என்று இருக்கும்போது "ஹிந்திக்காரங்களே இப்படித்தான்", "லோக்கல் ஆளுங்களுக்கு வேலைன்னாலே கசக்கும்" என்று ஊரைக் காரணமாக்கிவிடுவது சுலபம். சொன்னவருக்கு மனசு ஆறிவிடும், ஆனால் நிஜக் காரணம் அங்கேயே இருப்பதால் அடுத்த வாரமும் அதே பீஸ்தான் கெடும்.

கீழே இருப்பது நான் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசை. வரிசையை மாற்ற வேண்டாம். பெரும்பாலும் சறுக்குவது, நான்காவது படியை முதலில் செய்வதால்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. பாக்கெட்டில் அடங்கும் சின்ன நோட்டு போதும். போனில் எழுத வேண்டாம், தளத்தில் நின்று போனை நோண்டினால் ஆட்கள் பார்க்கும் பார்வையே வேறு. தவிர, சாயங்காலம் புரட்டிப் பார்க்க நோட்டுதான் வசதி.

மணி வாரியான உற்பத்திக் கணக்கு. எந்த மிஷினில், எந்த லாட் (ஒன்றாக வந்த துணித் தொகுதி), யார் அடித்தது என்று பண்டல் டிக்கெட்டை, அதாவது ஒவ்வொரு துணிக்கட்டோடும் வரும் சீட்டை வைத்துப் பின்னால் போய்ப் பார்க்க முடிய வேண்டும். இது இல்லாவிட்டால் நீங்கள் ஞாபகத்தை நம்ப வேண்டியிருக்கும். ஞாபகமோ நமக்கு ஏற்கெனவே பிடிக்காத ஆளின் தவறுகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கும்.

மொழி தெரிந்த ஒருவர். இங்கேதான் முதல் பொறி. கான்ட்ராக்டரின் ஆளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அட்வான்ஸ் பாக்கி, ரூம் வாடகை, கமிஷன் எல்லாம் அவர் கையில் இருக்கும், அவர் எதிரில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அதே லைனில் நான்கைந்து வருடம் இருந்து தமிழ் பழகிய டைலர் யாராவது இருப்பார், அவரைப் பிடியுங்கள். அவருக்குப் பீஸ் ரேட், அதாவது அடித்த பீஸ் கணக்கில் கூலி என்றால், பேசும் நேரத்துக்கு என்ன கூலி என்பதை ஆபீஸில் முன்கூட்டியே பேசி வையுங்கள். சும்மா கூப்பிட்டால் இரண்டாவது முறை வர மாட்டார்.

அப்புறம் இரண்டு வாரப் பொறுமை. இந்த இரண்டு வாரத்தில் யாரைப் பற்றியும் மேலே ரிப்போர்ட் கொடுக்காதீர்கள். ஒருமுறை மேனேஜரிடம் "அவன் சரியில்லை" என்று சொல்லிவிட்டால், அப்புறம் அதை நிரூபிப்பதிலேயே நம் கவனம் போகும்.

2. பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

நோட்டின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் கண்ணால் பார்த்தது, வலது பக்கம் நீங்கள் நினைத்தது. "திங்கள், 8.50க்கு வந்தார்" என்பது இடது. "ஞாயிறு குடித்திருப்பார்" என்பது வலது. "இரண்டு முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை" இடது. "திமிர்" வலது.

வலது பக்கத்தை ஏன் எழுத வேண்டும், விட்டுவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். எழுதாவிட்டால் அது இடது பக்கத்துக்குள் நைசாக நுழைந்துவிடும். "சோம்பேறித்தனமாக நின்றார்" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். நின்றார் என்பதுதான் பார்த்தது. சோம்பேறித்தனத்தை எந்தக் கண்ணால் பார்த்தாய் என்று கேட்டேன். அன்றைக்கு அவர் பண்டல் வராமல் 20 நிமிடம் நின்றிருக்கிறார், கட்டிங்கில் தாமதம்.

தலையாட்டலும் இதில் சேரும். "சரி சார்" என்று தலையாட்டினால் புரிந்தது என்று எழுதாதீர்கள், தலையாட்டினார் என்று மட்டும் எழுதுங்கள். புது ஊரில், தெரியாத மொழியில், தன்னைவிட மேலே உள்ளவர் சொல்லும்போது தலையாட்டுவது "உங்கள் குரல் காதில் விழுந்தது" என்பதற்கு மட்டும்தான். புரிந்ததா என்று தெரிய வேண்டுமானால் ஒரு பீஸ் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பத்து வார்த்தைக்கு ஒரு பீஸ் மேல்.

3. மூன்று கேள்வி போடுங்கள்

ஹெரால்ட் கெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-இல் எழுதியதன் சாரம் இது. பெயர் மறந்தாலும் பரவாயில்லை, கேள்விகளை மறக்காதீர்கள்.

முதல் கேள்வி: இதே வேலையில் மற்றவர்களுக்கும் இது நடக்கிறதா? இரண்டாவது: இவருக்கு வேறு வேலையிலும் நடக்கிறதா? மூன்றாவது: இவருக்கு இந்த வேலையில் எப்போதுமே நடக்கிறதா, சில நேரம் மட்டும்தானா?

எல்லோருக்கும் நடந்தால் ஆளை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். இவருக்கு மட்டும், எந்த வேலை கொடுத்தாலும், எப்போதும் நடந்தால் பழக்கமோ பயிற்சியோ உடம்போ, ஏதோ ஆள் பக்கம் இருக்கிறது. இவருக்கு மட்டும், ஆனால் இந்த ஒரு வேலையில் மட்டும் என்றால் அந்த வேலைக்கும் அவருக்கும் நடுவில் ஏதோ உதைக்கிறது. சில நேரம் மட்டும் என்றால் அந்த நேரத்தில் கூடவே வேறு என்ன மாறுகிறது என்று தேட வேண்டும்.

இதை ஒரு கேஸில் காட்டுகிறேன். ஃப்ளாட்லாக் மிஷினில் பனியனின் கீழ் மடிப்பு அடிக்கும் பீகார் டைலர் ஒருவர். மூன்று நாளாக மத்தியானத்துக்கு மேல் அவர் பீஸில் தையல் விட்டு விட்டு விழுகிறது, செக்கிங்கில் ஒதுக்குகிறார்கள். புது சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "சாப்பிட்டு வந்தா தூக்கந்தாங்க சார், இவங்களுக்கு வேற என்ன" என்றார். மூன்று கேள்வி போட்டோம். பக்கத்து மிஷினில் இரண்டு தமிழ் டைலர்கள், அதே கீழ் மடிப்பு, அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. சூப்பர்வைசர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. இரண்டாவது கேள்வி: அதே ஆள் கை மடிப்பு அடித்தால் சுத்தம். மூன்றாவது: காலையில் ஒரு பீஸ்கூடக் கெடவில்லை, மூன்று நாளும் மத்தியானம்தான்.

சரி, மத்தியானம் தூக்கத்தைத் தவிர வேறு என்ன மாறுகிறது? பண்டல் டிக்கெட்டைப் புரட்டினோம். மத்தியானம் லைனுக்கு வந்தது லைக்ரா கலந்த, இழுபடும் துணி லாட். காலையில் ஓடியது சாதா பனியன் துணி, சிங்கிள் ஜெர்ஸி. மிஷினில் இருந்தது காலைத் துணிக்குப் போட்ட ஊசியேதான். அந்தப் பக்கத்து இரண்டு பேர்? அவர்கள் மத்தியானமும் காலைப் பண்டலையே முடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் கை வேகம், தன் பண்டலை முதலில் முடித்துவிடுவதால் புது லாட் இவரிடம்தான் முதலில் போயிருக்கிறது. மெக்கானிக் வந்து லைக்ராவுக்கு ஏற்ற ஊசி மாற்றி, அடியில் நூலைக் கோக்கும் லூப்பரைச் சரி செய்தார், தையல் விடுவது நின்றுவிட்டது. லைனிலேயே வேகமான ஆளைத்தான் தூங்குமூஞ்சி என்று எழுதவிருந்தோம்.

முதல் கேள்வியில் எங்கே சறுக்கினோம் என்று கவனியுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அதே வேலை செய்வதாகத் தெரிந்தது, அதே துணியில் செய்கிறார்களா என்று பார்க்கவில்லை. ஒப்பிடும்போது வேலை, துணி, மிஷின், நேரம் நான்கும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் "மற்றவர்களுக்கு நடக்கவில்லை" என்று எழுத வேண்டும். இன்னொரு சறுக்கல், பீகார்காரரை பீகார்காரரோடு மட்டும் ஒப்பிடுவது. அப்படிச் செய்தால் ஊர்தான் காரணம் என்று விடை வருவதற்கு நாமே வழி செய்துவிடுகிறோம்.

4. ஆளிடம் பேசுங்கள்

இப்போதுதான் பேச வேண்டும். முன்னாலேயே பேசினால் கையில் விவரம் இல்லாததால் பேச்சு விசாரணையாகவும் மிரட்டலாகவும் மாறும். கையில் தேதி, நேரம், லாட் இருந்தால் குரல் தானாகவே இறங்கிவிடும்.

லைனில் வைத்துப் பேசாதீர்கள், மிஷின் சத்தத்தில் நீங்கள் சாதாரணமாகப் பேசினாலும் கத்துவதாகத்தான் தெரியும். டீ டைமையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்களுக்குக் கிடைப்பதே அந்தப் பத்து நிமிடம்தான். வேலை நேரத்திலேயே ஓரமாகக் கூப்பிடுங்கள்.

"ஏன் லேட்?" என்று ஆரம்பித்தால் எந்த ஊர்க்காரரும் சாக்குதான் சொல்வார். "திங்கள்கிழமை காலையில என்ன நடந்துச்சு, எழுந்ததிலிருந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். நான் இப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று: வாரத்தில் ஒரு நாள் தாமதமாக வந்த ஓர் அக்காவைப் பற்றி "வீட்டு வேலையை முடிச்சுட்டு ஆடி அசைஞ்சு வர்றாங்க" என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதே சில நாளுக்கு ஒருமுறை, அதுவும் விடியற்காலையில். அன்றைக்குப் பிடிக்காவிட்டால் வீட்டுக்கே தண்ணீர் இல்லை. அதே வாரம் நான் அரை மணி லேட்டாக வந்தபோது "பாலத்துல டிராபிக்" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டேன், யாரும் என் குணத்தைப் பற்றிப் பேசவில்லை. நமக்கு என்றால் சூழ்நிலை, அடுத்தவருக்கு என்றால் குணம்.

பதில் வந்ததும் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். "சரி, பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னது பொய்யாகவும் இருக்கலாம், திங்கட்கிழமை நிஜமாகவே குடியால் வராதவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அதை மூன்று கேள்விக்குப் பிறகு சொல்லுங்கள்.

5. மறைத்தால், ஏன் மறைக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்

இது தனிப் படியாக இருக்க வேண்டியதற்குக் காரணம், "திருட்டுத்தனம்" என்ற சொல் தளத்தில் வேறு எதையும்விட வேகமாகப் பரவும்.

ஊசி உடைந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி கொடுப்போம். ஏற்றுமதித் துணியில் ஊசித் துண்டு போய்விட்டால் ஆர்டரே திரும்பிவிடும். ஒரு காலத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒடிசாப் பெண்கள் சிலர் உடைந்த ஊசியைச் சொல்லாமல், பக்கத்தில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏமாத்தறாளுக" என்றார்கள் லைனில். மூன்று கேள்வியில் முதலாவதைப் போட்டதும் தெரிந்தது, பீஸ் ரேட்டில் இருந்த உள்ளூர் டைலர்களும் அதையேதான் செய்கிறார்கள், மாட்டிக்கொள்ளாத சாமர்த்தியம் மட்டும் கூடுதல். காரணம் ரொம்பச் சாதாரணம். துண்டு தேடும் நேரத்துக்குக் கூலி கிடையாது, கூடவே திட்டு. தேடும் நேரத்துக்குக் கூலி போட்டு, சொன்னவரைத் திட்டக்கூடாது என்று ஆனதும் பதிவேட்டில் ஊசிகள் ஒட்டத் தொடங்கின. முதல் வாரத்தில் எண்ணிக்கை கூடியதைப் பார்த்து மேலிடம் பதறியது, உடைவது கூடவில்லை, சொல்வதுதான் கூடியிருக்கிறது என்று புரியவைக்க வேண்டியிருந்தது. நீங்களும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

6. சின்னதாக ஒரு மாற்றம், கூடவே ஒரு தேதி

காரணம் என்று நீங்கள் நினைப்பதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஊசி, வெளிச்சம், பண்டல் வரும் முறை, வரும் நேரம், ஏதோ ஒன்று. மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. 10 நாள் கழித்துப் பார்ப்பேன் என்று தேதி போடுங்கள், அதை அந்த ஆளிடமும் சொல்லுங்கள்.

மாறவில்லை என்றால் பயிற்சி, அதற்கும் மாறாவிட்டால் வேலை மாற்றம், கடைசியாகத்தான் நடவடிக்கை. அப்போது உங்களிடம் நோட்டு இருக்கும், "ஊரைப் பார்த்து ஒதுக்கினார்கள்" என்று யாரும் சொல்லவும் முடியாது.

7. நல்லது நடந்தாலும் அதே கேள்வியைப் போடுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. நம் ஊர்ப் பையன் டார்கெட் அடித்தால் "கெட்டிக்காரன்". ஒடிசாப் பையன் அடித்தால் "அன்னைக்கு ஈசியான ஸ்டைல்". தவறு நடந்தால் அப்படியே தலைகீழ்: நம் பையனுக்கு மிஷின் சரியில்லை, அவனுக்குக் கவனம் இல்லை. தாமஸ் பெட்டிக்ரூ என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் இந்தக் கோணலைத் தனியாகப் பெயர் வைத்தே எழுதியிருக்கிறார், அதாவது திருப்பூர் கண்டுபிடித்தது இல்லை.

செய்ய வேண்டியது: டைலரிலிருந்து லைன் பொறுப்புக்கு ஏற்றும்போது, பேர்களை எழுதும் முன் அளவுகோலை எழுதுங்கள். எத்தனை மாத வருகை, எத்தனை ஆல்டர் பீஸ் (திருத்தத்துக்குத் திரும்பியது), எத்தனை ஆபரேஷன் (தையல் வேலை வகை) தெரியும் என்று. பேரை முதலில் எழுதினால் அளவுகோல் அந்தப் பேருக்குத் தகுந்தபடி வளையும். தமிழ் பேசத் தெரிய வேண்டுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். தளத்தில் புரியவைக்கும் அளவுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான், மேனேஜரிடம் நகைச்சுவையாகப் பேசும் அளவுக்கு வேண்டியதில்லை.

பார்க்க லட்சணமாக, சுறுசுறுப்பாக, வணக்கம் வைக்கும் ஆளுக்குத் தையலும் நன்றாக வரும் என்று நம்புவதும் இதே ரகம். வணக்கத்துக்கு ஆல்டர் குறையாது.

8. லீவுக் காலண்டரை ஊர் வாரியாகப் போடுங்கள்

"சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிடறாங்க" என்பது நிரந்தரப் புகார். முதலில் உங்கள் காலண்டரைப் பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் லீவு போட்டிருக்கிறோம். பீகார், ஜார்க்கண்ட் ஆட்களுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜைதான் பெரிது, நாம் தளத்தைத் திறக்கும் வாரத்தில் அவர்கள் ஆற்றங்கரையில் நிற்பார்கள். ஒடிசாப் பெண்களுக்கு ஜூன் நடுவில் மூன்று நாள் ரஜோ பண்டிகை. ரம்ஜான் மாதத்தில் நோன்பு இருப்பவர்களுக்குச் சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்தில் இடைவேளை வேண்டும், ஒன்றரை ஷிப்ட் ஓடும் கம்பெனியில் டீ டைமைக் கொஞ்சம் நகர்த்தினாலே போதும்.

டிக்கெட்டையும் கணக்கில் எடுங்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, முன்பு 120 நாள். ஜார்க்கண்ட் போகும் தன்பாத் எக்ஸ்பிரஸ் மாதிரி வண்டிகளில் பண்டிகைச் சீட்டு சீக்கிரமே தீர்ந்துவிடும். எனவே பண்டிகைக்கு மூன்று மாதம் முன்பே யார் யார் போகிறார்கள் என்று கேட்டு எழுதி, லீவு உறுதி என்று சொல்லிவிடுங்கள். உறுதி கிடைக்காதவர் கிடைத்த டிக்கெட்டில் ஏறிவிடுவார், திரும்பும் தேதியை உங்களிடம் சொல்ல அவருக்குப் பயம்.

நானே தவறியது ஒன்று. 2023 மார்ச் முதல் வாரத்தில் ஆட்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். 8-ஆம் தேதி ஹோலி, அதுதான் என்று விட்டுவிட்டேன். வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் அவர்கள் போனில் சுற்றிக்கொண்டிருந்தது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். வருடா வருடம் ஹோலிக்குப் போகிறவர்கள்தான், ஆனால் அந்த முறை சமையல் பாத்திரத்தையும் கட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவது கேள்வியை ஒழுங்காகப் போட்டிருந்தால் அந்தப் பாத்திரமே பதில் சொல்லியிருக்கும்.

9. இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாத இடங்கள்

பாலியல் தொல்லை, சாதி சொல்லித் திட்டுவது, கைநீட்டுவது, மிஷின் பாதுகாப்பு. இவற்றில் இரண்டு வாரம் நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

பாலியல் தொல்லைக்கு, 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்தும் ஒருவர். புகார் எழுத்தில் வேண்டும், எழுத முடியாத பெண்ணுக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை, விசாரணைக்கு 90 நாள். சூப்பர்வைசர் செய்யும் பெரிய தவறு, "நானே பேசி முடிச்சு வைக்கிறேன்" என்று நடுவில் நிற்பது. குழு உறுப்பினர்களின் பேரும் நம்பரும் தமிழ், ஹிந்தி, ஒடியா மூன்றிலும் பெண்கள் கழிப்பறைப் பக்கம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், ஆபீஸ் வாசலில் ஒட்டினால் நின்று படிக்க யாருக்கும் தைரியம் வராது.

10. மாதக் கடைசியில் நோட்டை எண்ணுங்கள்

சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிந்து தளம் காலியானதும் உட்காருங்கள். வலது பக்கம் மட்டும் போதும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது ஆளைக் குறை சொல்கிறதா, சூழ்நிலையைச் சொல்கிறதா என்று "ஆ" அல்லது "சூ" போடுங்கள். பிறகு யாரைப் பற்றியது என்று பார்த்து உள்ளூர், வெளியூர், ஆண், பெண் என்று பிரித்து எண்ணுங்கள்.

அந்தத் தூக்கக் கேஸ் சூப்பர்வைசர் முதல் மாதம் எண்ணியபோது, வடக்கத்தி ஆட்களின் வரியெல்லாம் "ஆ", சொந்த ஊர்க்காரர்களின் வரியெல்லாம் "சூ". கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேசாம இந்தப் பக்கத்தைக் கிழிச்சிரட்டுங்களா" என்றார். கிழிக்க வேண்டாம், அடுத்த மாதக் கணக்கை எதோடு ஒப்பிடுவது?